ஓ.டி.பி சொல்லும் முன் எஸ்.எம்.எஸ்-ஸைப் படியுங்கள்! செல்போன், வாட்ஸ்அப் கணக்குகளைக் காக்கும் வழிகள்

‘பி.எம் கிசான் தவணை உங்கள் கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. கீழே உள்ள ஆப்பை இறக்கி, விவரங்களைச் சரிபார்க்கவும்.’

ஊர் விவசாயிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு தகவல் வருகிறது. அனுப்பியவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர். பெயரும் படமும் அவருடையதுதான். கூடவே அரசு முத்திரை, பிரதமர் படம் எல்லாம் இருக்கின்றன. இந்தத் திட்டத்தில் 2019-ம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக வருகிறது. ஒரு தவணை 2,000 ரூபாய் என்பது உர மூட்டைக்கோ, களையெடுப்புக் கூலிக்கோ கைகொடுக்கும் பணம். இ-கே.ஒய்.சி முடிக்காததால் தவணை நின்றுபோனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதனால் செய்தி உண்மை போலவே தெரிகிறது. விரல் அந்தக் கோப்பைத் தொடுகிறது. ஆப் இறங்குகிறது.

ஆனால், அதை அனுப்பியது பக்கத்துத் தோட்டத்துக்காரர் இல்லை. அவருடைய வாட்ஸ்அப்பை முந்தைய நாள் பிடித்துக்கொண்ட எவனோ ஒருவன். இன்று இவருடைய வாட்ஸ்அப்பும் அவன் கைக்குப் போகிறது. நாளை இவர் பெயரில் அடுத்த குரூப்புக்கு அதே தகவல் போகும். இலைக்கருகல் வயலுக்கு வயல் தாவுவதுபோலத்தான் இதுவும் பரவுகிறது. கிசான் தவணை என்றில்லை. போக்குவரத்து அபராத ரசீது, கல்யாணப் பத்திரிகை, வங்கி கே.ஒய்.சி என்று வேஷம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

செல்போன் திருட்டைப் பற்றி நம் வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளில் பாதிக்கு மேல், ‘இது எப்படி நடக்கிறது?’ என்பதுதான். அது புரிந்துவிட்டால், எந்தப் பூட்டை எங்கே போட வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

லேபிள் இல்லாத மருந்து பாட்டில்!

ஸ்மார்ட்போனில் ஆப்கள் வருவதற்கு முறையான வழி, பிளே ஸ்டோர். அப்படி வராமல், ஒரு கோப்பாக நேரடியாகக் கைக்கு வந்து சேர்வதை ‘ஏ.பி.கே’ கோப்பு என்கிறார்கள். கோப்பின் பெயர் அந்த மூன்று ஆங்கில எழுத்துகளில்தான் முடியும். லேபிள் இல்லாத பாட்டிலில் யாராவது பூச்சி மருந்து கொடுத்தால் பயிருக்கு அடிப்போமா? அதே ஜாக்கிரதை இதற்கும் வேண்டும். தமிழக அரசின் உழவன் செயலியானாலும் சரி, பி.எம் கிசான் செயலியானாலும் சரி, பிளே ஸ்டோரிலேயே இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்ப வேண்டிய தேவை அரசாங்கத்துக்கு இல்லை.

இப்படி இறங்கும் ஆப், முதலில் சில அனுமதிகளைக் கேட்கும். எஸ்.எம்.எஸ் படிக்க, தொடர்பு எண்களைப் பார்க்க, அறிவிப்புகளைப் பார்க்க, கடைசியாக ‘அணுகல்தன்மை’ என்ற ஒன்று. இந்த அணுகல்தன்மை, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக ஏற்படுத்தப்பட்ட நல்ல வசதி. திரையில் இருப்பதைப் படிக்கவும், நமக்குப் பதிலாகப் பட்டனை அழுத்தவும் ஆப்புக்கு அது அதிகாரம் தருகிறது. திருடனுக்கும் அதுதானே வேண்டும்? அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘அனுமதி’ கொடுத்துவிட்டால், அதன் பிறகு உங்களுக்கு வரும் ஓ.டி.பி-யை உங்களிடம் கேட்க வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. வந்த நொடியில் அவன் போனுக்குப் போய்விடும். ‘நான் யாருக்கும் ஓ.டி.பி சொல்லவே இல்லையே, பணம் எப்படிப் போனது?’ என்று குழம்பி நிற்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

இதற்கு ஒரு பூட்டு இருக்கிறது. போன் செட்டிங்ஸில் மேலே உள்ள தேடும் பெட்டியில் ‘தெரியாத ஆப்ஸ்’ என்று தேடினால், ‘தெரியாத ஆப்ஸை நிறுவுதல்’ என்ற பகுதி வரும். போன் ஆங்கிலத்தில் இருந்தால், ‘இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்’ என்று இருக்கும். அதில் வாட்ஸ்அப், குரோம், பைல் மேனேஜர் எல்லாவற்றுக்கும் ‘அனுமதி இல்லை’ என்று இருக்க வேண்டும். அதன் பிறகு, வீட்டில் குழந்தைகள் தவறுதலாகத் தொட்டால்கூட அந்தக் கோப்பு நேராக உள்ளே இறங்காது. அப்படியே பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, ‘பிளே புரொடெக்ட்’ என்பதில் ஒரு முறை சோதனை ஓட்டுங்கள்.

கடைக்காரர் போட்டுக் கொடுத்த ஜிமெயில்

இதை அதிகம் பேர் யோசிப்பதே இல்லை. புதுப் போன் வாங்கும்போது கடையிலேயே, ‘எல்லாம் போட்டுக் கொடுத்துடுறேண்ணே’ என்று ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்கித் தருவார்கள். பாஸ்வேர்டு என்ன என்று நாமும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. நமக்கு வேலை மிச்சம் என்றுதான் செய்கிறார்கள். ஆனால், அந்தக் கணக்குதான் போனின் தாய்வேர். தொடர்பு எண்கள், படங்கள், போன் எங்கே இருக்கிறது என்ற விவரம், யூடியூப் சேனல் எல்லாம் அதோடு பிணைந்திருக்கின்றன. பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் என எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறோமே... அவை தானாகவே அந்தக் கணக்குக்கு ஏறிக்கொண்டிருக்கலாம். பாஸ்வேர்டு தெரிந்தவர், எங்கோ இருந்துகொண்டு அவற்றைப் பார்க்க முடியும்.

எனவே, உங்கள் போனில் எந்த ஜிமெயில் இருக்கிறது, பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா என்று இன்றைக்கே பாருங்கள். செட்டிங்ஸில் ‘கூகுள்’ பகுதிக்குப் போய், கணக்கை நிர்வகிக்கும் பக்கத்தில் ‘பாதுகாப்பு’ என்பதைத் தொடுங்கள். அங்கே மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மீட்பு எண் என்ற இடத்தில் இருப்பது உங்கள் எண்ணா, கடைக்காரர் எண்ணா? ‘உங்கள் சாதனங்கள்’ என்ற இடத்தில் உங்களுக்குத் தெரியாத போனோ, கம்ப்யூட்டரோ இருக்கிறதா? இருந்தால், அதைத் தொட்டு வெளியேற்றிவிடலாம். மூன்றாவது, பாஸ்வேர்டை மாற்றி, ‘இரண்டு படிச் சரிபார்ப்பு’ என்பதை இயக்குவது. பாஸ்வேர்டு நினைவில் நிற்காது என்றால், வீட்டில் பத்திரம் வைத்திருக்கும் பெட்டியில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். போன் கவரின் பின்னால் சொருகி வைக்க வேண்டாம். ‘பாஸ்வேர்டை எழுதியே வைக்கக் கூடாது’ என்று நகரத்து வல்லுநர்கள் சொல்வார்கள். எளிதாக இருக்க வேண்டும் என்று ‘12345’ வைப்பதைவிட, கடினமாக வைத்துப் பெட்டியில் பூட்டுவது மேல் என்பது எங்கள் கருத்து.

பேரன், பக்கத்து வீட்டுத் தம்பி, பிரவுசிங் சென்டர்காரர் எண்ணை வங்கிக் கணக்கிலோ, ஆதாரிலோ கொடுத்திருப்பவர்களும் நிறைய பேர். அதையும் உங்கள் சொந்த எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். எண் யார் கையில் இருக்கிறதோ, ஓ.டி.பி அவர் கைக்குத்தான் போகும்.

‘யாருக்கும் சொல்லாதே’ என்பது நடக்கிற காரியமா?

‘ஓ.டி.பி-யை யாரிடமும் பகிராதீர்கள்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆனால், விவசாயக் குடும்பத்தில் ஒரு மாதத்துக்கு எத்தனை முறை ஓ.டி.பி சொல்ல வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவரிடம் சொல்கிறோம். பி.எம் கிசான் இ-கே.ஒய்.சி-க்கு இ-சேவை மையத்தில் சொல்கிறோம். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் வாங்க, முகாமில் உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னோம். இணையத்தில் பட்டா எடுக்கும்போது, உடன் இருப்பவரிடம் சொல்கிறோம். ஒரு பக்கம் சொல் என்கிறார்கள், இன்னொரு பக்கம் சொல்லாதே என்கிறார்கள். இந்தக் குழப்பத்தில்தான் திருடன் நுழைகிறான். ‘வேளாண்மை ஆபீஸ்ல இருந்து பேசுறேங்கய்யா, உங்க அடையாள எண்ணுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க’ என்று அவன் கேட்டால், முகாமில் கேட்டது போலத்தானே இருக்கும்!

ஆகவே, ‘சொல்லாதே’ என்பதைவிட, ‘படித்துவிட்டுச் சொல்’ என்பதுதான் நமக்குப் பயன்படும் விதி. ஓ.டி.பி வரும் எஸ்.எம்.எஸ்-ஸில் அந்த எண் எதற்காக வந்தது என்பதும் எழுதியிருக்கும். ஆதார் சரிபார்ப்புக்கு என்றால் அப்படி இருக்கும். வாட்ஸ்அப்புக்கு என்றால் வாட்ஸ்அப் என்ற பெயரே இருக்கும். பணம் எடுப்பதற்கு என்றால் தொகையோ, வங்கிப் பெயரோ இருக்கும். சிலிண்டர்காரர் எதிரே நிற்கும்போது கேஸ் நிறுவனத்தின் பெயரோடு வந்த எண்ணைச் சொல்வதில் தவறில்லை. போனில் பேசுகிற ஒருவர் ‘கிசான் தவணைக்கு’ என்று சொல்லிக் கேட்கும்போது, வந்திருக்கும் எஸ்.எம்.எஸ்-ஸில் வாட்ஸ்அப் என்றோ, வங்கிப் பெயரோ இருந்தால், அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். வேலையை நீங்கள் தேடிப்போய்த் தொடங்கினீர்களா, அவர்கள் உங்களைத் தேடி வந்தார்களா என்பதும் முக்கியம். நீங்கள் எதுவும் கேட்காதபோது வரும் ஓ.டி.பி, யாரோ உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள் என்பதற்கான அடையாளம்.

இந்த எஸ்.எம்.எஸ்-கள் இன்னமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. யாருக்காக அனுப்புகிறோம் என்று அனுப்புகிறவர்கள் யோசிப்பதாகத் தெரியவில்லை. அதுவரை, படிக்கத் தெரிந்தவரிடம் போனைக் காட்டி, ‘இது எதுக்கு வந்திருக்கு தம்பி?’ என்று முதலில் கேளுங்கள். எண்ணைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தையும் பார்க்கலாம். வங்கி, அரசு, நிறுவனங்கள் அனுப்பும் எஸ்.எம்.எஸ், பத்து இலக்க செல்போன் எண்ணிலிருந்து வராது. ஆங்கில எழுத்துகளால் ஆன பெயரிலிருந்துதான் வரும். 2025 மே மாதத்திலிருந்து அந்தப் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தும் சேர்ந்திருக்கிறது. அரசு அனுப்பினால் ‘ஜி’, பணப் பரிமாற்றம் என்றால் ‘டி’, சேவைத் தகவல் என்றால் ‘எஸ்’, விளம்பரம் என்றால் ‘பி’. வங்கியிலிருந்து வந்ததாகச் சொல்லும் தகவல், வெறும் செல்போன் எண்ணிலிருந்து வந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

யு.பி.ஐ வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வரி. பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையில்லை, பணம் அனுப்புவதற்குத்தான் தேவை. ‘ஆட்டுக்கு அட்வான்ஸ் அனுப்புறேன், பின் நம்பரைப் போடுங்க’ என்று எவராவது சொன்னால், பணம் உங்களிடமிருந்துதான் போகப் போகிறது.

வாட்ஸ்அப்பில் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள்

வாட்ஸ்அப் கணக்கை ஒரு புதுப் போனில் திறக்க ஆறு இலக்க எண் ஒன்று போதும். அந்த எண் உங்கள் சிம்முக்கு வரும். அதை வாங்கிவிட்டால் உங்கள் வாட்ஸ்அப் அவனுக்கு. இதற்கு இரண்டாவது பூட்டாக, நாமே வைத்துக்கொள்ளும் ஆறு இலக்கப் பின் நம்பர் இருக்கிறது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘கணக்கு’, அதற்குள் ‘இரு-படி சரிபார்ப்பு’ என்று இருக்கும். ஆங்கிலத்தில் ‘டூ ஸ்டெப் வெரிபிகேஷன்’. அதை இயக்கி, பின் நம்பர் போட்டு, கூடவே ஒரு மின்னஞ்சல் முகவரியும் கொடுங்கள். பிறகு, ஓ.டி.பி வெளியே போனால்கூட, இந்தப் பின் நம்பர் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. மறந்துவிடக் கூடாது என்று வாட்ஸ்அப் அவ்வப்போது அதைக் கேட்டு நினைவூட்டும். அது தொந்தரவு என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது இடம், ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’. பிரவுசிங் சென்டரில் அடங்கல், சிட்டா பிரின்ட் எடுக்கும்போது, ‘வாட்ஸ்அப் வெப் போடுங்கண்ணே’ என்பார்கள். திரையில் உள்ள கட்டத்தைப் போனால் ஸ்கேன் செய்வோம். வேலை முடிந்ததும் வந்துவிடுவோம். வெளியேற மறந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் உங்கள் வாட்ஸ்அப் திறந்தேதான் கிடக்கும். கணவன் மனைவி பேச்சு, கடன் விவரம், வியாபாரக் கணக்கு என எல்லாவற்றையும் அங்கே உட்காருகிற எவரும் படிக்கலாம். உங்கள் பெயரில் தகவலும் அனுப்பலாம். இதையே தூரத்தில் இருந்துகொண்டு செய்கிற கும்பலும் உண்டு. ‘இந்தப் போட்டோவுல இருக்கிறது நீங்களா?’ என்று ஒரு லிங்க் அனுப்பி, அதற்குள் எட்டு எழுத்துகள் கொண்ட ஒரு குறியீட்டைக் காட்டி, ‘இதை உங்கள் வாட்ஸ்அப்பில் போடுங்கள்’ என்பார்கள். போட்டால், அவர்களுடைய கம்ப்யூட்டர் உங்கள் வாட்ஸ்அப்போடு இணைந்துவிடும். உங்கள் போனில் எந்த மாற்றமும் தெரியாது. எனவே, மாதம் ஒரு முறையாவது ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால், தொட்டு வெளியேற்றுங்கள்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், ஏரிப் பாசனச் சங்கங்கள், மகளிர் குழுக்கள் நடத்தும் குரூப்களின் அட்மின்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அட்மின் கணக்கு போனால் 200, 300 குடும்பங்களின் கைப்பேசிக்கும் வழி திறந்தது போலத்தான். சந்தேகமான கோப்பு வந்தால், முதலில் அதை நீக்கிவிட்டு, அனுப்பியவருக்கு வாட்ஸ்அப்பில் இல்லாமல் சாதாரண அழைப்பில் பேசிக் கேளுங்கள்.

நேரடி விற்பனை செய்பவர்களுக்கு...

பாரம்பர்ய அரிசி, மரச்செக்கு எண்ணெய், நாட்டுக்கோழி, கன்றுகள் என்று பேஸ்புக், யூடியூப் மூலம் வாடிக்கையாளர் பிடித்தவர்கள் ஏராளம். இவர்களுக்குக் கணக்கு என்பது கடை மாதிரி. பக்கம் திருடு போனால், உங்கள் படத்தையும் பெயரையும் வைத்தே ‘இந்தப் போகம் கிச்சிலிச் சம்பா முன்பதிவு’ என்று போட்டு, வேறு எண்ணுக்கு அட்வான்ஸ் வாங்கிவிடுவார்கள். பணம் போனது வாடிக்கையாளருக்கு, கெட்டுப்போவது உங்கள் பெயர். நாலைந்து வருஷம் சேர்த்த நம்பிக்கை அது.

பக்கத்தைப் பறிக்க அதிகம் பயன்படும் தந்திரம் மிரட்டல்தான். ‘உங்கள் பக்கம் காப்புரிமை விதியை மீறியுள்ளது. 24 மணி நேரத்தில் முடக்கப்படும். மேல்முறையீட்டுக்கு இங்கே தொடவும்’ என்று மெசஞ்சரில் வரும். தொட்டால் பேஸ்புக் போலவே ஒரு பக்கம் திறந்து பாஸ்வேர்டு கேட்கும். உண்மையான எச்சரிக்கை என்றால், பேஸ்புக்குக்கு உள்ளேயே உதவிப் பகுதியில் உள்ள ‘சப்போர்ட் இன்பாக்ஸ்’ என்ற இடத்தில் இருக்கும். லிங்க்கைத் தொடாமல், நீங்களாகப் போய் அங்கே பாருங்கள். யூடியூப் சேனல் வைத்திருப்பவர்களுக்கு, ‘எங்கள் நிறுவனத்துக்கு விளம்பரம் செய்யுங்கள், ஒப்பந்தத்தை இறக்கிப் பாருங்கள்’ என்று மின்னஞ்சல் வரும். அந்தக் கோப்பில்தான் வில்லங்கம்.

இன்னொரு வகையில், கணக்கைத் திருடவே மாட்டார்கள். உங்கள் படத்தை எடுத்து, அதே பெயரில் புதுக் கணக்கு தொடங்கி, உங்கள் நண்பர்களிடம், ‘அவசரமா ஆஸ்பத்திரியில இருக்கேன், பத்தாயிரம் அனுப்புங்க’ என்பார்கள். நண்பர் பட்டியல் வெளியே தெரிவதால்தான் இது சாத்தியமாகிறது. பேஸ்புக் செட்டிங்ஸில் நண்பர் பட்டியலை ‘நான் மட்டும்’ என்று மாற்றிவிடுங்கள். சொந்தக் கணக்குக்கு ‘புரொபைல் லாக்’ வசதியும் இருக்கிறது.

தோட்டத்தில் இருக்கும் இன்னொரு சிம்

செல்போனிலிருந்தே மோட்டாரை இயக்கும் ஸ்டார்ட்டர்கள் இப்போது நிறைய தோட்டங்களுக்கு வந்துவிட்டன. ராத்திரி மும்முனை மின்சாரத்துக்காக வரப்பில் நடக்கும் கஷ்டத்தை இது குறைத்தது உண்மை. அதற்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது, அதற்கும் ஓர் எண் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். பொருத்திக் கொடுத்தபோது இருந்த கம்பெனி பாஸ்வேர்டு பல இடங்களில் அப்படியே கிடக்கிறது. அது கையேட்டிலேயே அச்சாகி இருக்கும் எண். சிம் எண்ணும் பாஸ்வேர்டும் தெரிந்தவர் எங்கிருந்து வேண்டுமானாலும் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். கிணற்றில் தண்ணீர் இல்லாத நேரத்தில் மோட்டார் ஓடினால் என்ன செலவாகும் என்று உங்களுக்கே தெரியும்.

பொருத்தியவரை அழைத்து, பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள். பதிவு செய்த எண்களிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டும் மோட்டார் ஓடுமாறு அமைக்க முடியும் என்றால், அப்படி அமையுங்கள். வேலையை விட்டுப் போனவர் எண், விற்ற போனின் எண் எல்லாவற்றையும் அதிலிருந்து நீக்குங்கள். அந்த சிம் டீலர் பெயரில் இல்லாமல், உங்கள் பெயரில் இருக்கட்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எண் ரத்தானால், 90 நாள்களுக்குப் பிறகு அது வேறு ஒருவருக்குப் போகலாம். கோழிப் பண்ணை, மாட்டுக்கொட்டகைக் கேமராக்களுக்கும் இதே கதைதான். கம்பெனி பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.

நடந்துவிட்டால், எந்த வரிசையில் செயல்படுவது?

தவறான ஆப்பை இறக்கிவிட்டோம் என்று தெரிந்தால், முதலில் மொபைல் டேட்டா, வைஃபை இரண்டையும் நிறுத்துங்கள். அடுத்து, சிம்மைக் கழற்றி, ஒரு பட்டன் போனில் போடுங்கள். இனி வரும் ஓ.டி.பி அந்த ஆப்பின் கண்ணில் படாது. பிறகு, அந்தப் பட்டன் போனிலிருந்தே வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். வங்கி எண்ணை ஏ.டி.எம் கார்டின் பின்பக்கத்திலோ, பாஸ்புக்கிலோ பாருங்கள். கூகுளில் தேடினால், ‘கஸ்டமர் கேர்’ என்ற பெயரில் மோசடிக்காரர்கள் போட்டு வைத்திருக்கும் எண்ணே முதலில் வந்து நிற்கலாம்.

பணம் போயிருந்தால், உடனே 1930 என்ற எண். இது நாடு முழுவதுக்குமான சைபர் குற்ற உதவி எண். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் அதை நிறுத்தி வைப்பதுதான் இதன் வேலை. அதனால், ‘காலையில பார்த்துக்கலாம்’ என்று விட்டால் பயனில்லை. வங்கிப் பெயர், தொகை, நேரம், பணம் போன எஸ்.எம்.எஸ்-ஸில் உள்ள பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ‘சைபர்கிரைம்.ஜிஓவி.இன்’ தளத்திலும் புகாரைப் பதியலாம். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் நேரில் போகலாம்.

வங்கிக்குச் சொன்ன நேரத்துக்கு ஒரு சட்ட மதிப்பு உண்டு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியிடமும் உங்களிடமும் தவறில்லாமல் வேறு எங்கோ நடந்த ஊடுருவலால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்துவிட்டால், உங்களுக்கு இழப்பு இல்லை. ரகசிய எண்ணை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் பொறுப்பு. தெரிவித்த பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. எனவே, போனில் பேசியதோடு விடாமல், புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்து வைப்பதால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

வாட்ஸ்அப் மட்டும் பறிபோயிருந்தால், உங்கள் போனில் வாட்ஸ்அப்பை மறுபடி நிறுவி, உங்கள் எண்ணைக் கொடுங்கள். சிம்முக்கு வரும் ஆறு இலக்க எண்ணைப் போட்டவுடன், திருடன் வெளியேற்றப்படுவான். அவன் ஒரு பின் நம்பர் வைத்திருந்தால், நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டும். ஆனாலும் அந்த ஏழு நாளும் அவனாலும் பயன்படுத்த முடியாது. அதற்குள் உறவினர்கள், குரூப்களில் உள்ளவர்களுக்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

வாசகர் கேள்விகள்

‘‘எனக்குப் பட்டன் போன்தான். அப்படியென்றால் பயமில்லையா?’’

ஆப் மூலம் வரும் ஆபத்து உங்களுக்கு இல்லை. யு.பி.ஐ பயன்படுத்தாதவர்கள், வங்கியில் கொடுத்திருக்கும் எண்ணைப் பட்டன் போனிலேயே வைத்திருப்பது நல்ல யோசனையும்கூட. ஆனால், ‘கூரியர் வந்திருக்கு, இந்த நம்பரை அழுத்துங்க’ என்று நட்சத்திரக் குறியோடு 21 அல்லது 401 என்று தொடங்கும் ஓர் எண்ணைச் சொல்வார்கள். அழுத்தினால், உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குத் திரும்பிவிடும். ஓ.டி.பி-யை அழைப்பு மூலமாகவும் கேட்டுப் பெற முடியும் என்பதால் இது ஆபத்து. இந்த மாதிரி மோசடி காரணமாகத்தான் 2024 ஏப்ரல் 15 முதல் 401 முறையிலான அழைப்புத் திருப்பலை நிறுத்தி வைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. உங்கள் போனில் சந்தேகம் இருந்தால், ##002# என்று அழுத்தி அழையுங்கள். எல்லாத் திருப்பலும் ரத்தாகிவிடும்.

‘‘குடையின் கீழ் சிம் விற்பவரிடம் சிம் வாங்கினேன். கைரேகை சரியாக விழவில்லை என்று இரண்டு முறை வைக்கச் சொன்னார். அதில் ஏதும் தவறு நடந்திருக்குமா?’’

நடந்திருக்க வாய்ப்பு உண்டு. இரண்டாவது ரேகையை வைத்து உங்கள் பெயரில் இன்னொரு சிம் எடுத்து விற்கும் வேலை பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. அந்த சிம்மில் எவனாவது மோசடி செய்தால், போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து ஓ.டி.பி போட்டால், உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று காட்டும். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் 9 வரை இருக்கலாம். உங்களுடையது அல்லாத எண்ணுக்கு எதிரே, ‘இது என் எண் இல்லை’ என்று பதிந்தால் போதும்.

‘‘மாட்டுச்சந்தையில் போன் தொலைந்துவிட்டது. முதலில் போலீஸிடம் போவதா, கம்பெனியிடம் போவதா?’’

முதலில் சிம் நிறுவனம். வேறு போனிலிருந்து அழைத்து சிம்மை முடக்குங்கள். அடுத்து வங்கி. பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதே எண்ணில் மாற்று சிம் வாங்குங்கள். புகார் நகலோடு, போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ எண்ணைச் சஞ்சார் சாத்தி தளத்தில் பதிந்தால், அந்தப் போன் இந்தியாவில் எந்த சிம்மிலும் வேலை செய்யாது. கிடைத்துவிட்டால், தடையை நீக்கவும் முடியும். ஐ.எம்.இ.ஐ எண் போன் பெட்டியிலும் ரசீதிலும் இருக்கும். இன்றைக்கே *#06# அழுத்தி, திரையில் வருவதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய போனிலும் எஸ்.எம்.எஸ் வாசகம் திரையில் தெரியும் என்பதால், செட்டிங்ஸில் பூட்டுத் திரை அறிவிப்புகளை மறைத்துவிடுவதும் நல்லது.

‘‘பழைய செல்போனைக் கொடுத்தால் பிளாஸ்டிக் குடம் தருவதாகத் தெருவில் வருகிறார்கள். கொடுக்கலாமா?’’

போன் வேலை செய்கிறது என்றால், மெமரி கார்டு, சிம் இரண்டையும் எடுத்துவிட்டு, ஜிமெயில் கணக்கை நீக்கி, செட்டிங்ஸில் ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்துவிட்டுக் கொடுக்கலாம். படங்களை மட்டும் அழித்தால் போதாது, அவற்றை மறுபடி எடுக்க முடியும். திரை உடைந்து, எதையும் தொட முடியாத நிலையில் இருந்தால், இன்னொரு போனில் உங்கள் கூகுள் கணக்கைத் திறந்து, ‘உங்கள் சாதனங்கள்’ பட்டியலிலிருந்து அந்தப் பழைய போனை வெளியேற்றுங்கள். அப்படிச் செய்தாலும், போனுக்குள் இருக்கும் படங்கள் அப்படியேதான் இருக்கும். பட்டா, ஆதார் படங்கள் இருந்த போன் என்றால், தெரிந்த சர்வீஸ் கடையில் உங்கள் கண்ணெதிரே ரீசெட் செய்து வாங்கும் வரை குடத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.